கரண்ட் போகும் நொடியும் வரும் நொடியும்: வீட்டில் கம்ப்யூட்டர் வைத்து வேலை பார்ப்பவர்களுக்கு

மதுரைக்காரர்களுக்குக் கரண்ட் இல்லாத நேரத்தை ஓட்டுவது புதிது இல்லை. 2012-ல் சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்கு 10 மணி நேரத்துக்கு மேல் கரண்ட் நின்ற காலத்தில்தான் இங்கே பல வீடுகளுக்கு இன்வெர்ட்டர் வந்தது. ஃபேன் சுற்ற வேண்டும், பிள்ளைகள் படிக்க ஒரு டியூப்லைட் எரிய வேண்டும், அவ்வளவுதான் அன்றைய தேவை. 2020-க்குப் பிறகு வீடே ஆபீஸ் ஆனபோது, அதே இன்வெர்ட்டர் லைனில் கம்ப்யூட்டரையும் சொருகிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர். அந்த நிம்மதி தப்பானது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

மூன்று மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்தால் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகாது. அணைந்து கிடக்கும் பெட்டிக்கு என்ன வரப்போகிறது? அதைக் கெடுப்பது இரண்டு நொடிகள். கரண்ட் போகிற நொடி ஒன்று, திரும்ப வருகிற நொடி ஒன்று. போகிற நொடியில் ஃபைல் கெடும். வருகிற நொடியில் பெட்டியே கெடும். இந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஒரே பொருளை வாங்கி இரண்டையும் தீர்க்கப் பார்ப்பதில்தான் காசு வீணாகிறது.

போகிற நொடி

நமக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அலை ஒரு சுற்றுச் சுற்றி முடிக்க 20 மில்லி விநாடி ஆகும். கம்ப்யூட்டருக்குள் கரண்டை மாற்றித் தருகிற பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். அதன் உள்ளே ஒரு பெரிய கெப்பாசிட்டர், அதாவது கரண்டைக் கொஞ்ச நேரம் தேக்கிவைக்கும் பாகம், இருக்கிறது. கரண்ட் நின்றதும் அதில் சேர்ந்திருப்பதை வைத்து, முழு லோடில் சுமார் 16 மில்லி விநாடி தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது எஸ்எம்பிஎஸ் தயாரிப்பில் உள்ள கணக்கு. நல்ல கம்பெனி எஸ்எம்பிஎஸ் என்றால், லோடு குறைவாக இருக்கும்போது இன்னும் கொஞ்சம் கூடவே நிற்கும். கேபினெட்டோடு சேர்த்துத் தருகிற மலிவான எஸ்எம்பிஎஸ், அதுவும் நாலு வருஷம் வெயிலில் ஓடியது என்றால், அந்த அளவுக்குக்கூட நிற்காது.

இப்போது இன்வெர்ட்டரைப் பாருங்கள். பெரும்பாலான வீட்டு இன்வெர்ட்டர்களின் பின்பக்கமோ முன்பக்கமோ ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் யுபிஎஸ் மோட், இன்னொரு பக்கம் நார்மல் அல்லது ஈகோ மோட். யுபிஎஸ் மோடில் வைத்தால் பேட்டரிக்கு மாறுவதற்கு 10 முதல் 20 மில்லி விநாடிக்குள் ஆகும். நார்மலில் வைத்தால் 40 மில்லி விநாடிகூட ஆகலாம். ஃபேனுக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். "இன்வெர்ட்டர் இருக்கு, ஆனாலும் கரண்ட் போனா சிஸ்டம் ஆஃப் ஆயிருது" என்று சொல்கிற வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது இந்தச் சுவிட்சைத்தான். பத்துப் பைசா செலவு இல்லாத வேலை.

அப்படியானால் எல்லோரும் யுபிஎஸ் மோடிலேயே வைத்துவிடலாமே என்றால், அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த மோடில் இன்வெர்ட்டர் சுமார் 180 முதல் 260 வோல்ட் வரைதான் தெருக் கரண்டை ஏற்கும். நார்மலில் 100 முதல் 290 வரை ஏற்கும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளி, லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில் கோடையில் ராத்திரி எல்லா வீட்டு ஏசியும் ஓடும்போது வோல்டேஜ் 170-க்குக் கீழே இறங்கும். யுபிஎஸ் மோடில் இருக்கும் இன்வெர்ட்டர் உடனே பேட்டரிக்குப் போய்விடும். தெருவில் கரண்ட் இருக்கும்போதே பேட்டரி காலியாகிக்கொண்டிருக்கும். நிஜமாகவே கரண்ட் போகும்போது பேட்டரியில் ஒன்றும் இருக்காது.

அதனால் டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: நேரத்தை இன்வெர்ட்டர் சுமக்கட்டும், நொடியை யுபிஎஸ் சுமக்கட்டும். இன்வெர்ட்டர் பாயின்டில் ஒரு சின்ன லைன் இன்டராக்டிவ் யுபிஎஸ்ஸைச் (கரண்ட் இருக்கும்வரை அதையே அனுப்பி, நின்றதும் உள்ளே இருக்கும் பேட்டரிக்கு மாறும் வகை) சொருகி, அதில் கம்ப்யூட்டரையும் மானிட்டரையும் மாட்டுங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண யுபிஎஸ் 10 மில்லி விநாடிக்குள் மாறிவிடும். இன்வெர்ட்டர் தடுமாறும் அந்தக் கண நேரத்தை அது மூடிக்கொள்ளும். அப்புறம் இன்வெர்ட்டர் கரண்டிலேயே ஓடும், யுபிஎஸ் பேட்டரியும் சார்ஜ் ஆகும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக, அதாவது தெருக் கரண்டைப் போலவே வளைந்து வரும் அலையைத் தருவதாக, இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் விலை குறைவென்று வாங்கிய, சதுரமாக வெட்டிய அலையைத் தரும் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால், யுபிஎஸ் அந்தக் கரண்டை நல்ல கரண்டாகவே மதிக்காமல் போகலாம். டிக் டிக் என்று ரிலே அடித்துக்கொண்டே இருக்கும். அல்லது பேட்டரியிலேயே நின்றுவிடும். கால் மணி நேரத்தில் யுபிஎஸ் காலியாகிச் சிஸ்டம் அணையும். தலைக்கு மேல் ஃபேன் மட்டும் ஜோராக ஓடும். ஃபேனும் பழைய டியூப்லைட் சோக்கும் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் 'உர்ர்ர்' என்று உறுமினால் அது ஸ்கொயர் வேவ் என்று பெரும்பாலும் முடிவு செய்துகொள்ளலாம்.

இதேபோல யுபிஎஸ்ஸிலும் கவனிக்க வேண்டியது ஒன்று. விலை குறைந்த யுபிஎஸ் தருவது படிக்கட்டு மாதிரி வெட்டிய அலை. சாதாரண எஸ்எம்பிஎஸ் அதைப் பொருட்படுத்தாது. ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள எஸ்எம்பிஎஸ், அதாவது 80 பிளஸ் முத்திரை போட்ட நல்ல எஸ்எம்பிஎஸ்களில் பெரும்பாலானவை, சில சமயம் அதில் சத்தம் போடும், சில சமயம் சட்டென்று அணைந்துவிடும். கிராஃபிக்ஸ் கார்டு போட்டு வீடியோ எடிட்டிங், 3டி வேலை பார்ப்பவர்கள் பியூர் சைன் வேவ் அவுட்புட் உள்ள யுபிஎஸ்ஸைக் கேட்டு வாங்குங்கள். எப்போதும் தன் இன்வெர்ட்டர் வழியாகவே கரண்ட் தரும் ஆன்லைன் யுபிஎஸ் என்றால் மாறும் நேரமே கிடையாது. ஆனால் விலை, சத்தம், சூடு மூன்றும் கூட. வீட்டில் ஒரு சிஸ்டத்துக்கு அது தேவைப்படுவது அபூர்வம்.

எத்தனை வாட் ஓடுகிறது என்று ஈபி மீட்டரையே கேளுங்கள்

யுபிஎஸ் பெட்டியில் 600 விஏ என்று பெரிதாகப் போட்டிருக்கும். பின்னால் சின்ன எழுத்தில் 360 வாட் என்று இருக்கும். உங்களுக்கு வேண்டியது அந்தச் சின்ன எழுத்துதான். ஓடப்போகும் லோடு அதில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சிஸ்டம் எத்தனை வாட் இழுக்கிறது என்று தெரியாவிட்டால் எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கும் 450 வாட் ஸ்டிக்கரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது தரக்கூடிய உச்சம், இழுப்பது அல்ல. வீட்டு ஈபி மீட்டரே சொல்லிவிடும். மீட்டர் முகப்பில் ஒரு சிவப்புப் புள்ளி விட்டு விட்டு எரிகிறதல்லவா, அதன் பக்கத்தில் 1600 அல்லது 3200 என்று எண் அச்சிட்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை தடவை கண் சிமிட்டும் என்பதுதான் அந்த எண். ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் சார்ஜிங், ஃபேன், லைட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு கம்ப்யூட்டர், மானிட்டர், ரவுட்டர் மட்டும் ஓட விடுங்கள். வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது வீட்டில் ஒருவர் போனில் ஸ்டாப் வாட்ச் வைத்து ஒரு நிமிஷம் எண்ணட்டும். 3200 மீட்டரில் நிமிஷத்துக்கு 8 தடவை சிமிட்டினால், 8-ஐ 60-ஆல் பெருக்கி 3200-ஆல் வகுத்தால் 0.15 கிலோவாட். அதாவது 150 வாட். மூன்று நான்கு நிமிஷம் எண்ணிச் சராசரி எடுத்தால் இன்னும் துல்லியம்.

அக்கவுன்ட்ஸ், டைப்பிங், கோடிங் செய்கிற சாதாரண டெஸ்க்டாப் மானிட்டரோடு சேர்த்து 80 முதல் 120 வாட்டுக்குள் அடங்கிவிடும். 600 விஏ யுபிஎஸ் போதும். உள்ளே இருப்பது ஒரே ஒரு 12 வோல்ட் 7 ஏஎச் (ஆம்பியர் மணி) பேட்டரி. 12-ஐ 7-ஆல் பெருக்கினால் 84 வாட் மணி, ஆகவே 100 வாட் லோடில் முக்கால் மணி நேரம் வரும் என்று கணக்குப் போடாதீர்கள். அந்த 7 ஏஎச் என்பது 20 மணி நேரத்தில் மெதுவாகக் காலி செய்தால் கிடைப்பது. யுபிஎஸ் அதைப் பிழிந்து எடுக்கிறது. 150 வாட் லோடு என்றால் பேட்டரியிலிருந்து 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த வேகத்தில் பாதித் திறன்தான் கையில் வரும். புதுப் பேட்டரியில் 12 முதல் 15 நிமிஷம். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். 1000 விஏ யுபிஎஸ்ஸில் இதே பேட்டரி இரண்டு இருக்கும். அதே லோடில் ஏறக்குறைய அரை மணி நேரம் நிற்கும்.

இன்னும் நேரம் வேண்டும் என்று யுபிஎஸ் பெட்டிக்கு வெளியே ஒயர் இழுத்து 40 ஏஎச் கார் பேட்டரியை மாட்டித் தருகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். யுபிஎஸ் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கால் மணி நேரம் ஓடுவதற்காகச் சுற்றப்பட்டது. இரண்டு மணி நேரம் பேட்டரியில் ஓடினால் அதில் சுற்றியிருக்கும் கம்பி சூடாகி உருகும். சார்ஜரும் ஒரு ஆம்பியர் அளவுக்குத்தான் தரும்; பெரிய பேட்டரியை நிரப்ப நாள் கணக்கில் ஆகும். பாதி சார்ஜிலேயே கிடந்து பேட்டரி செத்துப்போகும்.

இன்வெர்ட்டர் பக்கத்துக் கணக்கையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 12 வோல்ட் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியில் ஒரு டெஸ்க்டாப், ரவுட்டர், ஒரு ஃபேன், ஒரு எல்இடி லைட் என்று 190 வாட் ஓடினால் புதிதில் சுமார் 5 மணி நேரம் வரும். மூன்று வருஷம் ஆன பேட்டரியில் மூன்று மணி நேரம் வந்தால் நல்லது. நேரம் போதவில்லை என்றால் இரண்டாவது பேட்டரி வாங்கும் முன்னால் ஃபேனை மாற்றுங்கள். பழைய ஃபேன் 70 முதல் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி ஃபேன் 28 முதல் 35 வாட். லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸிலும் மாட்டாதீர்கள், சின்ன இன்வெர்ட்டரிலும் மாட்டாதீர்கள். உள்ளே இருக்கும் ஹீட்டர் சூடாகும்போது 800 வாட் வரைகூட இழுத்து யுபிஎஸ்ஸையும் சேர்த்து அணைத்துவிடும்.

வருகிற நொடி

இதுதான் ஆபத்தானது, இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை.

மாதாந்திரப் பராமரிப்புக்காக ஒரு துணை மின் நிலையத்தை நிறுத்துகிறார்கள். காலை 9 அல்லது 10 மணிக்குத் தொடங்கி மதியம் 2 மணி வரையோ மாலை 5 மணி வரையோ போகும். எந்தெந்த ஏரியா என்று முதல் நாளே பேப்பரில் வந்துவிடும். திருப்பாலை, ஊமச்சிகுளம், அவனியாபுரம் என்று உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் ஃபைலை பேக்கப் எடுத்துவைத்து, அன்றைய மீட்டிங்கை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கரண்ட் திரும்பும்போது என்ன நடக்கிறது? தெருவில் இருக்கிற எல்லா ஃபிரிட்ஜும், எல்லா ஏசியும், எல்லா போர் மோட்டாரும் ஒரே சமயத்தில் கிளம்பும். மோட்டார் கிளம்பும்போது ஓடுகிற கரண்டைப்போல 5, 6 மடங்கு இழுக்கும். வோல்டேஜ் சரியும், எழும், இன்னொரு தடவை டிரிப் ஆகும், மறுபடி வரும். இந்த ஆட்டம் அடங்க ஐந்து நிமிஷமாவது விடுங்கள். யுபிஎஸ் இல்லாத சிஸ்டம் என்றால் கரண்ட் போனதும் முதல் வேலையாகச் சுவரில் இருக்கும் சுவிட்சை அணையுங்கள்.

இதில் பலர் தவறவிடும் ஒரு செட்டிங் இருக்கிறது. பயாஸில், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன்னால் திறக்கும் செட்டிங் திரையில், கரண்ட் போய் வந்தால் கம்ப்யூட்டர் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு இடம் இருக்கும். ஆஃப், ஆன், பழைய நிலை என்று மூன்று இருக்கும். ஆன் என்றோ பழைய நிலை என்றோ இருந்தால், விட்டு விட்டு வருகிற கரண்டில் சிஸ்டம் பாதி பூட் ஆகி அணையும், மறுபடி பூட் ஆகும், மறுபடி அணையும். விண்டோஸ் ஃபைல்கள் கெட்டு, ரிப்பேர் திரையில் வந்து நிற்பது பெரும்பாலும் இப்படித்தான். ஆஃப் என்று மாற்றிவையுங்கள். நீங்கள் பட்டனை அமுக்கினால் மட்டும் கிளம்பட்டும்.

அடுத்தது, நியூட்ரல் கட். ஆடிக் காற்றில் உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கம் கம்பிகள் உரசுவதும், கோடை மழைக்கு முன்னால் வீசும் சூறைக்காற்றில் வேப்பங்கிளையோ தென்னை மட்டையோ லைன் மேல் விழுவதும் நாம் பார்ப்பதுதான். கரண்டைக் கொண்டுவரும் மூன்று ஃபேஸ் கம்பிகளோடு போகிற, கரண்ட் திரும்பும் வழியான நியூட்ரல் கம்பி மட்டும் அறுந்தால் அல்லது அதன் ஜாயின்ட் விட்டால் கரண்ட் போகாது. அதுதான் பயங்கரம். உங்கள் வீடு ஒரு ஃபேஸ், எதிர் வீடு இன்னொரு ஃபேஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். நியூட்ரல் இல்லாதபோது இரண்டு வீடும் 400 வோல்ட்டுக்கு நடுவே ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த மணி மாதிரி ஆகிவிடும். எந்த வீட்டில் லோடு குறைவோ அந்த வீட்டுக்குத்தான் வோல்டேஜ் ஏறும். எதிர் வீட்டில் ஏசியும் ஹீட்டரும் ஓடி, உங்கள் வீட்டில் ஒரு கம்ப்யூட்டரும் இரண்டு லைட்டும் மட்டும் இருந்தால் உங்களுக்கு 300-ஐத் தாண்டி வரும். ஒரே தெருவில் ஒரு வரிசை வீடுகளில் டிவி, செட்டாப் பாக்ஸ், ரவுட்டர் அடாப்டர், எல்இடி பல்பு எல்லாம் ஒன்றாகப் போவது இதனால்தான்.

அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். லைட் வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரியும், ஃபேன் வேகம் கூடும், யுபிஎஸ் ஓயாமல் பீப் அடிக்கும். மூணு ஃபேஸ் வீடு என்றால் ஒரு ரூமில் பளிச், இன்னொரு ரூமில் மங்கல். அந்த நிமிஷமே மெயினை இறக்குங்கள். ஃபைலை சேவ் செய்துவிட்டு இறக்கலாம் என்று நிற்காதீர்கள். அப்புறம் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்கு அழைத்து, "கரண்ட் இல்லை" என்று சொல்லாமல் "நியூட்ரல் கட் மாதிரி இருக்கு, ஹை வோல்டேஜ் வருது" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

ராத்திரி தூங்கும்போது நடந்தால் யார் இறக்குவது? அதற்குத்தான் ஓவர் வோல்டேஜ், அண்டர் வோல்டேஜ் புரொடெக்டர். எம்சிபி (டிரிப் ஆகும் சுவிட்ச்) மாதிரியே டிபி பாக்ஸில், அதாவது அந்தச் சுவிட்சுகள் இருக்கும் பெட்டியில், உள்ளே உள்ள உலோகப் பட்டையில் மாட்டும் சின்னப் பொருள், முகத்தில் வோல்டேஜ் எண் தெரியும். மேல் எல்லை 265 அல்லது 270, கீழ் எல்லை 170 என்று வையுங்கள்; திரும்ப இணைக்கும் நேரத்தை மூன்று நிமிஷம் வையுங்கள். அந்தத் தாமதம் கரண்ட் திரும்பும்போது ஆடுகிற ஆட்டத்திலிருந்தும் காப்பாற்றும். வீட்டு லோடுக்குத் தக்கபடி 40 அல்லது 63 ஆம்பியரில் எடுத்து, எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டுங்கள். மூணு ஃபேஸ் வீட்டில் ஃபேஸுக்கு ஒன்று வேண்டும். எவ்வளவு நல்ல யுபிஎஸ் வாங்கினாலும் இதற்கு ஈடாகாது என்பது என் உறுதியான எண்ணம். யுபிஎஸ் கம்ப்யூட்டரை மட்டும் பார்க்கும். இது வீட்டையே பார்க்கும்.

எர்த்

ஸ்பைக் கார்டு, சர்ஜ் புரொடெக்டர் என்று எதை வாங்கினாலும் கூடுதலாக வருகிற கரண்டைக் கொட்ட ஒரு குழி வேண்டுமே! மதுரையைச் சுற்றிப் பாறையும் செம்மண்ணும். பங்குனி, சித்திரையில் எர்த் குழி காய்ந்து கட்டாந்தரையாகிவிடும். கரியும் உப்பும் போட்ட குழி என்றாலும் ஈரம் இல்லாவிட்டால் வேலை செய்யாது. கோடையில் வாரம் ஒரு தடவை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

எர்த் இருக்கிறதா என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிடலாம். ஏசி 600 அல்லது 750 வோல்ட்டில் வையுங்கள். டிசி பக்கமோ ஆம்பியர் பக்கமோ வைத்துக் குத்திவிடக் கூடாது. பிளக் பாயின்டை நேராகப் பார்த்தால் மேலே பெரிய துளை எர்த், வலது கீழ் ஃபேஸ், இடது கீழ் நியூட்ரல். வலதுக்கும் இடதுக்கும் 230 பக்கம் காட்ட வேண்டும். வலதுக்கும் மேலுக்கும் அதே 230. இடதுக்கும் மேலுக்கும் 3 வோல்ட்டுக்குள். இந்த மூன்றாவது அளவு 10, 15 என்று ஏறினால் நியூட்ரல் ஜாயின்ட் லூசாக இருக்கிறது, அல்லது எர்த் சரியில்லை. வலதுக்கும் மேலுக்கும் 60, 90 என்று ஏதோ ஒரு எண் அலைபாய்ந்தால் எர்த் ஒயரே இல்லை. லோடு கொடுத்துப் பார்த்தாலும் மூன்றாவது அளவு அசையாமல் சுத்தமாக 0 காட்டினால் இன்னும் சந்தேகப்படுங்கள்: போர்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் லூப் போட்டிருக்கலாம். அப்படி இருந்து ஒரு நாள் நியூட்ரல் விட்டுப்போனால் கேபினெட் மேலேயே 230 வோல்ட் வந்து நிற்கும். உயிர் போகிற விஷயம். உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கேபினெட்டைத் தொட்டால் விரல் நுனியில் சுர்ரென்று இழுப்பதும் எர்த் இல்லாததன் அடையாளம்தான். எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் ஃபில்டர், எர்த் இருந்தால் லேசாகக் கசியும் கரண்டைக் குழிக்கு அனுப்பிவிடும். இல்லாவிட்டால் தகட்டில் தேக்கிவைக்கும்.

இடிக்கு மட்டும் எந்தக் கருவியையும் நம்ப வேண்டாம். சத்தம் கேட்க ஆரம்பித்ததும் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. ரவுட்டரையும் அதிலிருந்து வரும் லேன் கேபிளையும் சேர்த்துக் கழற்றுங்கள். மாடியிலிருந்து இறங்கும் கேபிள் வழியாக வந்து மதர்போர்டின் லேன் போர்ட்டை மட்டும் எரித்துவிட்டுப் போவது உண்டு. ஃபைபர் கேபிளுக்குள் இருப்பது கண்ணாடி இழை. அது மின்சாரத்தைக் கடத்தாது.

லேப்டாப்பும் ரவுட்டரும்

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு யுபிஎஸ் வேண்டாம். உள்ளே இருக்கிற பேட்டரியே யுபிஎஸ். இனிமேல்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால், இந்த ஊருக்கு டெஸ்க்டாப்பைவிட லேப்டாப் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். செலவு செய்ய வேண்டியது ரவுட்டருக்கு.

ரவுட்டருக்கென்றே 12 வோல்ட் மினி யுபிஎஸ் கிடைக்கிறது. உள்ளே லித்தியம் செல் மூன்று இருந்தால் 22 முதல் 28 வாட் மணி. ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் சேர்ந்து 10 வாட் இழுத்தால் இரண்டு மணி நேரம் ஓடும். வாங்கும் முன் ரவுட்டர் அடாப்டரைத் திருப்பிப் படியுங்கள். 12 வோல்ட்டா, 9 வோல்ட்டா? 9 வோல்ட் ரவுட்டரில் 12-ஐச் சொருகினால் போய்விடலாம். 12 வோல்ட் 2 ஆம்பியர் கேட்கிற ரவுட்டருக்கு 1 ஆம்பியர் மட்டும் தருகிற யுபிஎஸ்ஸைப் போட்டால் அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகும். பின்னின் நடுத் துளை 2.1 மில்லி மீட்டரா 2.5-ஆ என்பதையும், நடுப்பக்கம் பாசிட்டிவா என்பதையும் அடாப்டரில் இருக்கும் படத்தை வைத்துச் சரிபாருங்கள். வாங்க டவுன்ஹால் ரோட்டுக் கடைகளுக்குப் போகும்போது அடாப்டரைக் கையோடு எடுத்துக்கொண்டு போவதே சுலபம்.

எல்லாம் செய்தும் கரண்ட் போனதும் நெட் போகிறதா? உங்கள் இணைப்பு எப்படி வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கம்பெனி எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு வரை ஃபைபராகவே வந்தால் நடுவில் கரண்ட் தேவைப்படுகிற பெட்டி இல்லை. தெரு முழுக்க இருட்டாக இருந்தாலும் நெட் வரும். ஆனால் நடுவழியில், கம்பத்திலோ யாரோ ஒருவர் கடை மாடியிலோ சுவிட்ச் வைத்து அங்கிருந்து லேன் கேபிள் இழுத்துத் தந்திருந்தால், அந்தக் கடையில் கரண்ட் போனதும் உங்களுக்கும் போகும். உங்கள் வீட்டில் எத்தனை யுபிஎஸ் வைத்தாலும் அதைத் தீர்க்க முடியாது. வேறு கம்பெனி சிம் ஒன்றைப் போனில் ஹாட்ஸ்பாட்டுக்காக வைத்திருங்கள்.

விண்டோஸுக்குச் சொல்லிவையுங்கள்

யுபிஎஸ் வாங்கும்போது பின்னால் யுஎஸ்பி போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பிரிண்டருக்குப் போடுகிற அதே சதுர முனைக் கேபிளால் கம்ப்யூட்டரோடு இணையுங்கள். பல மாடல்களை விண்டோஸ் தானாகவே பேட்டரி என்று எடுத்துக்கொள்ளும். பவர் ஆப்ஷன்ஸில் கிரிட்டிக்கல் பேட்டரி 25 சதவீதம் என்று வைத்து, அப்போது ஹைபர்னேட் ஆகும்படி மாற்றுங்கள். ஸ்லீப் வேண்டாம், ஸ்லீப்பில் ரேமுக்குக் கரண்ட் தேவை, யுபிஎஸ் காலியானால் எல்லாம் போய்விடும். வேர்டில் தானாகச் சேவ் ஆகும் இடைவெளி 10 நிமிஷம் என்று இருக்கும். 2 என்று மாற்றுங்கள். கணக்கு எழுத டேலி பயன்படுத்துபவர்கள் வேலை முடிந்ததும் கம்பெனியை மூடிவிட்டு பேக்கப் எடுக்காமல் எழாதீர்கள். என்ட்ரி போடும் நடுவில் அணைந்தால் டேட்டா கெட்டு ரிப்பேர் போட வேண்டிவரும். ரிப்பேரில் சில வவுச்சர்கள் காணாமல் போகலாம்.

பேட்டரியை மாற்றுவது

யுபிஎஸ் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடப்படுபவற்றில் பாதிக்கு மேல் பேட்டரிதான் போயிருக்கும். லெட் ஆசிட் பேட்டரிக்குச் சூடு ஆகாது. ஏறக்குறைய 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகக் குறையும். கத்திரி வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழ் இருக்கும் அறையில் வைத்த யுபிஎஸ் பேட்டரி இரண்டு வருஷம் தாண்டினால் அதிசயம். மேஜைக்கு அடியில், சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி, தரையில் வையுங்கள்.

மாதம் ஒரு தடவை, முக்கியமான எதுவும் திறந்திராதபோது, சுவர் சுவிட்சை அணைத்து எத்தனை நிமிஷம் நிற்கிறது என்று பாருங்கள். பிளக்கை உருவ வேண்டாம். சுவிட்சை அணைத்தால் எர்த் தொடர்பு விடாமல் இருக்கும். 15 நிமிஷம் நின்றது 5 ஆகிவிட்டால் மாற்றும் நேரம்.

கடையில் 12 வோல்ட் 7 ஏஎச் என்று கேளுங்கள். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்து 12.6-க்கு மேல் இருந்தால் எடுங்கள். 12.4-க்குக் கீழ் என்றால் கடை அலமாரியில் பல மாதம் கிடந்த சரக்கு.

யுபிஎஸ்ஸை அணைத்து, பிளக்கைக் கழற்றி, மாட்டியிருக்கும் எல்லாவற்றையும் எடுங்கள். மோதிரம், வளையல், வாட்ச் இருந்தால் கழற்றிவையுங்கள். கவிழ்த்தால் அடியில் நாலு ஸ்குரூ; சிலவற்றில் ஸ்குரூ ரப்பர் காலுக்குள் ஒளிந்திருக்கும். மூடியைத் தூக்கும்போது முன்பக்கச் சுவிட்ச் ஒயர் இழுபடாமல் மெதுவாக. சிவப்பு ஒயர், கருப்பு ஒயர் எங்கே என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காமல், தகட்டு முனையை நோஸ் பிளையரால் பிடித்து லேசாக ஆட்டி உருவுங்கள்; முதலில் கருப்பு, பிறகு சிவப்பு. பழைய பேட்டரி வீங்கி இறுகியிருந்தால் ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பாதீர்கள். பெட்டியைச் சாய்த்து, பக்கத்துத் தகட்டைத் தளர்த்தி எடுங்கள். புதியதை வைத்துச் சிவப்பை முதலில், கருப்பைக் கடைசியில் சொருகுங்கள். கடைசி முனை தொடும்போது ஒரு சின்னப் பொறி வரும், பயப்பட வேண்டாம். தகடு லூசாக உட்கார்ந்தால் எடுத்து, பிளையரால் லேசாக அமுக்கிச் சொருகுங்கள். லூசான தகடு சூடாகிப் பிளாஸ்டிக்கை உருக்கும். மூடிய பிறகு 8 மணி நேரம் சார்ஜ் ஆக விட்டுத்தான் சோதிக்க வேண்டும். மாற்றிய மாதத்தையும் வருஷத்தையும் மார்க்கரால் பெட்டி மேல் எழுதிவையுங்கள். இரண்டு பேட்டரி யுபிஎஸ் என்றால் இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். பழசும் புதுசும் சேர்ந்தால் பழசு புதுசையும் இழுத்துக்கொண்டு போகும்.

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை தண்ணீர் அளவைக் காட்டும் மிதவையைப் பாருங்கள். இறங்கியிருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். போர் தண்ணீரில் உப்பு அதிகம், அது பேட்டரித் தகட்டைத் தின்றுவிடும்; ஆர்ஓ தண்ணீரும் கூடாது. முனையில் வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால், இன்வெர்ட்டரை அணைத்து ஒயரைக் கழற்றிவிட்டு, வெந்நீரில் சமையல் சோடா கரைத்துத் துடைத்து, காய்ந்ததும் வாசலின் தடவுங்கள். சார்ஜ் ஆகும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். பூஜை அறை விளக்குக்குப் பக்கத்திலோ கேஸ் அடுப்புக்குப் பக்கத்திலோ பேட்டரி இருந்தால் இன்றைக்கே இடம் மாற்றுங்கள். பழைய பேட்டரியைக் குப்பையில் போடவும் வேண்டாம், உடைத்து ஈயம் எடுப்பவர்களிடம் கொடுக்கவும் வேண்டாம். புதுசு வாங்குகிற கடையிலேயே திருப்பிக் கொடுத்து, பில்லில் அதற்கான தொகையைக் கழிக்கச் சொல்லுங்கள்.